கல்லும் கண்ணாடியும்: பெர்லின் ரைக்ஸ்டாக் கட்டடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்லினில் குடியிருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கூட்டிக்கொண்டு போவது ரைக்ஸ்டாக் கட்டடத்துக்குத்தான். நூறு வருடத்துக்கு மேல் பழைய கற்சுவர், அதன் தலையில் கண்ணாடிக் குவிமாடம். பார்த்ததும் எல்லோருக்கும் கேள்விகள் வந்துவிடும், அதுவும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள். எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் என்பதால் அவற்றுக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதிவைக்கிறேன்.

ரைக்ஸ்டாக் என்பது கட்டடத்தின் பெயரா, நாடாளுமன்றத்தின் பெயரா?

முதலில் இரண்டுக்கும் அதுதான் பெயர். ஜெர்மன் பேரரசு காலத்திலும் அதற்கடுத்த குடியரசு காலத்திலும் நாடாளுமன்றத்தை ரைக்ஸ்டாக் என்றார்கள். இன்றைய நாடாளுமன்றத்தின் பெயர் பூந்தெஸ்டாக். அது கூடும் கட்டடத்துக்கு மட்டும் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

யார் கட்டியது, எப்போது?

1871இல் ஜெர்மனி ஒரே பேரரசானது. புது நாட்டுக்குத் தனி நாடாளுமன்றக் கட்டடம் வேண்டும் என்ற பேச்சும் உடனே தொடங்கியது. ஆனால் இடம் கிடைப்பதிலேயே பத்து வருடம் ஓடிவிட்டது. 1882இல் நடந்த போட்டியில் பவுல் வல்லோட் என்ற கட்டடக்கலைஞர் வென்றார். 1884 ஜூன் 9 அன்று பேரரசர் முதலாம் வில்ஹெல்ம் அடிக்கல் நாட்டினார். 1894 டிசம்பர் 5 அன்று அவருடைய பேரன் இரண்டாம் வில்ஹெல்ம் முடிவுக் கல்லை வைத்தார். நீளம் 137 மீட்டர், அகலம் 97 மீட்டர், நான்கு மூலையிலும் நான்கு கோபுரங்கள்.

பழைய கற்கட்டடத்தின் மேல் கண்ணாடியை வைத்தது ஒட்டாத வேலையாகத் தெரியவில்லையா?

இந்தக் கேள்வியை நான் ஆவலோடு எதிர்பார்ப்பேன். ஏனென்றால் 1894இல் கட்டிமுடித்தபோதே இதன் குவிமாடம் இரும்பும் கண்ணாடியும்தான்!

அதற்கு ஒரு கதை உண்டு. வல்லோட் குவிமாடத்தைக் கூட்ட அரங்குக்கு நேர் மேலே வைக்க நினைத்தார். மேலிடத்தில் அதை நகர்த்தச் சொன்னார்கள். அவர் விடாமல் வாதாடி, கடைசியில் தான் நினைத்த இடத்துக்கே கொண்டுவந்தார். ஆனால் அதற்குள் சுவர்கள் எழும்பிவிட்டன. ஒரு பெரிய கற்குவிமாடத்தின் பாரத்தை அந்தச் சுவர்கள் தாங்காது. அப்போது ஹெர்மன் சிம்மர்மன் என்ற பொறியாளர் இலேசான இரும்புச் சட்டகம் ஒன்றைக் கணக்குப்போட்டுக் கொடுத்தார். அதன்மேல் கண்ணாடி வேய்ந்தார்கள். உயரம் சுமார் 75 மீட்டர். அந்தக் காலத்துக்கு அது துணிச்சலான வேலை.

உள்ளேயும் அப்படித்தான். சொந்த மின்நிலையம், மத்திய வெப்ப ஏற்பாடு, மின்விசிறிகள், தொலைபேசி, இரட்டைக் கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் அன்றே இருந்தன. வெளியே பார்த்தால் தூணும் சிற்பமுமாக மறுமலர்ச்சிக் கால மாளிகை, உள்ளே அன்றைய புதுத் தொழில்நுட்பம். ஆக, பழசும் புதுசும் சேர்ந்திருப்பது இந்தக் கட்டடத்தின் பிறவிக் குணம் என்பேன்.

இரண்டாம் வில்ஹெல்முக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. ருசிகெட்டதனத்தின் உச்சம் என்றார். நாடாளுமன்றம் என்ற ஏற்பாடே அவருக்குக் கசப்பு. அப்புறம் அதன் வீடு மட்டும் இனிக்குமா?

முகப்பில் பெரிய எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது?

'டெம் டொய்ச்சென் ஃபோல்கே'. 'ஜெர்மன் மக்களுக்கு' என்று பொருள். வல்லோட் வரைபடத்திலேயே இது இருந்தது. ஆனால் கட்டடம் திறந்து 22 வருடம் அந்த இடம் வெறுமையாகவே கிடந்தது. முதல் உலகப்போர் நடுவில் மக்களின் ஆதரவு தேவைப்பட்டபோதுதான் பேரரசர் விட்டுக்கொடுத்தார். 1916 டிசம்பரில் எழுத்துகள் ஏறின. ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் உயரம். நெப்போலியனுடன் நடந்த போர்களில் கைப்பற்றிய இரண்டு பிரெஞ்சுப் பீரங்கிகளை உருக்கி வார்த்தவை. வடிவமைத்தவர் பீட்டர் பேரென்ஸ். வார்த்துக் கொடுத்தது லோவி என்ற யூதக் குடும்பத்தின் பட்டறை.

இந்த எழுத்தைக் கைப்படச் செய்துகொடுத்த அதே குடும்பத்தைச் சேர்ந்தவர்களைப் பிற்பாடு நாஜிகள் கொன்றார்கள். முகப்பை நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

ஹிட்லர் ஆட்சி செய்த நாடாளுமன்றம் இதுதானே?

பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். உண்மை வேறு. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானார். அடுத்த மாதமே, பிப்ரவரி 27 இரவு, இந்தக் கட்டடம் தீப்பிடித்தது. கூட்ட அரங்கு முழுவதும் எரிந்துபோனது. மறுநாளே அவசரச் சட்டம் போட்டுப் பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம், கூட்டம் கூடும் உரிமை எல்லாவற்றையும் பறித்தார்கள். தீ வைத்தார் என்று மரினுஸ் ஃபான் டெர் லுப்பே என்ற டச்சு இளைஞருக்கு மரண தண்டனை விதித்து 1934 ஜனவரியில் நிறைவேற்றினார்கள். அந்தத் தீர்ப்பை 2007 டிசம்பரில் ஜெர்மனி ரத்து செய்தது. தீ வைத்தது அவர் ஒருவர்தானா என்பது பற்றி வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள்.

ஹிட்லருக்கு முழு அதிகாரத்தையும் தூக்கிக்கொடுத்த மார்ச் 23 வாக்கெடுப்பு எதிரே இருந்த குரோல் ஓப்பரா அரங்கில் நடந்தது. அதற்குப் பிறகு தலையாட்டி நாடாளுமன்றம் கூடியதும் அங்கேதான். இந்தக் கட்டடம் எரிந்த அரங்கோடு சும்மா நின்றது. போர்க்காலத்தில் சாரிட்டே மருத்துவமனையின் பிரசவப் பிரிவு கொஞ்ச காலம் இங்கே இயங்கியது. அதனால் ரைக்ஸ்டாக்கில் பிறந்த பெர்லின்காரர்கள் கூட உண்டு!

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 1918 நவம்பர் 9 அன்று பிலிப் ஷைடமன் என்ற அரசியல் தலைவர் இந்தக் கட்டடத்தின் ஜன்னலில் நின்றுதான் ஜெர்மனி குடியரசாகிவிட்டது என்று கூட்டத்துக்கு அறிவித்தார்.

சோவியத் வீரர் கொடி ஏற்றும் புகைப்படம் இங்கே எடுத்ததா?

ஆமாம், இதன் கூரையில்தான். சோவியத் படைக்கு ரைக்ஸ்டாக்தான் பெர்லினின் அடையாளம், அதனால் 1945 ஏப்ரல் 30 மாலையிலிருந்து உள்ளே அறை அறையாகச் சண்டை நடந்தது. அன்றிரவே ஒரு கொடி ஏறிவிட்டது, ஆனால் இருட்டில் படம் எடுக்க முடியவில்லை. நாம் பார்த்துப் பழகிய படத்தை யெவ்கேனி கால்தேய் என்ற சோவியத் புகைப்படக்காரர் மே 2 அன்று வீரர்களை நிற்கவைத்து எடுத்தார். ஒரு வீரரின் இரண்டு மணிக்கட்டிலும் கைக்கடிகாரம் தெரிந்ததால், கொள்ளையடித்ததாக நினைப்பார்கள் என்று ஒன்றைப் படத்திலிருந்து சுரண்டி எடுத்துவிட்டார்கள்.

போர் முடிந்த பிறகு என்ன ஆனது?

கூடு மட்டும் மிச்சம். ஊரே பட்டினி கிடந்த நாட்கள் அவை. கட்டடத்தின் முன்னாலிருந்த வெளியை உழுது உருளைக்கிழங்கும் கோஸும் பயிரிட்டார்கள். பின்னணியில் குண்டு துளைத்த ரைக்ஸ்டாக், முன்னால் குனிந்து மண்வெட்டும் மக்கள். அந்தப் பழைய படங்களைத் தேடிப் பாருங்கள்.

1954இல் குவிமாடத்தின் மிச்சத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1961இல் பெர்லின் சுவர் எழுந்தபோது, கட்டடம் மேற்கில், அதன் கிழக்குப் பக்கத்தை ஒட்டினாற்போல் எல்லை. இன்றும் பின்புறம் போனால், சுவர் ஓடிய தடத்தைத் தரையில் இரட்டை வரிசைக் கருங்கற்கள் காட்டும்.

1960களில் பவுல் பவும்கார்ட்டன் என்பவர் புதுப்பித்தார். அன்றைய மனநிலை வேறு. நடந்ததை மறக்கவேண்டும், எல்லாம் சுத்தமாக, நேர்கோடாக இருக்கவேண்டும். அதனால் சிற்பங்கள் பலவற்றைச் செதுக்கி எடுத்துவிட்டு, உள்சுவர்களைப் பலகைகளால் மூடிவிட்டார். அந்த வேலையைப் பலர் திட்டுகிறார்கள், எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தப் பலகைக்குப் பின்னால் ஒரு புதையல் பத்திரமாக இருந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

கட்டடம் முழுக்கத் துணி சுற்றினார்களாமே?

கிறிஸ்டோ, ஜான்-கிளோட் என்ற கலைஞர் தம்பதி செய்தது அது. பல வருடம் அனுமதிக்காக அலைந்தார்கள். 1994 பிப்ரவரியில் நாடாளுமன்றமே விவாதித்து, 292க்கு 223 என்ற வாக்கில் ஒப்புக்கொண்டது. 1995 ஜூன் 24 முதல் இரண்டு வாரம் கட்டடம் ஒரு லட்சம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட வெள்ளி நிறத் துணிக்குள் இருந்தது. சுமார் 50 லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். அதுவரை போர், தீ, எல்லைச்சுவர் என்றே பார்த்துப் பழகிய கட்டடத்தை மக்கள் புல்லில் உட்கார்ந்து சந்தோஷமாகப் பார்த்தது அப்போதுதான். துணியை அவிழ்த்த கையோடு கட்டடத்தைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியது.

இந்தக் குவிமாடம் நார்மன் ஃபாஸ்டரின் யோசனையா?

வரைந்தது அந்தப் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர், கேட்டது நாடாளுமன்ற உறுப்பினர்கள். 1991 ஜூன் 20 அன்று, அதுவரை நாடாளுமன்றம் இயங்கிய பான் நகரில் நடந்த வாக்கெடுப்பில், நாடாளுமன்றத்தைப் பெர்லினுக்கு மாற்ற 338 பேர், வேண்டாம் என்று 320 பேர். வெறும் 18 வாக்கு வித்தியாசம். அடுத்து நடந்த போட்டியில் ஃபாஸ்டரோடு சாண்டியாகோ கலட்ராவா, பி டி புரைன் மூவருக்கும் முதல் பரிசு. ஃபாஸ்டரின் முதல் திட்டத்தில் குவிமாடமே கிடையாது. கட்டடம் முழுவதற்கும் மேலே தூண்களில் நிற்கும் பிரம்மாண்டமான பந்தல் மாதிரி ஒரு கூரை. செலவைப் பார்த்து அதைக் கைவிட்டார்கள். உறுப்பினர்கள் பலர் குவிமாடம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். ஃபாஸ்டர் தயங்கித் தயங்கித்தான் சம்மதித்தார். கண்ணாடிக் குவிமாடத்துக்குள் சுருள் பாதை என்ற எண்ணத்தை 1988இலேயே காட்ஃபிரீட் பேம் என்ற ஜெர்மன் கலைஞர் வரைந்து காட்டியிருந்தார். அவருக்குரிய பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

புதுக் கட்டடம் 1999 ஏப்ரல் 19 அன்று திறந்தது.

குவிமாடம் அழகுக்கு மட்டுமா, உபயோகம் ஏதாவது உண்டா?

உபயோகம்தான் முதலில். விட்டம் 40 மீட்டர், உயரம் 23.5 மீட்டர். நடுவில் தலைகீழாக நிற்கும் கூம்பு ஒன்று, அதில் 360 கண்ணாடிப் பட்டைகள். வானத்து வெளிச்சத்தை அந்தக் கண்ணாடிகள் பிடித்துக் கீழே கூட்ட அரங்குக்கு அனுப்பும். நேர் வெயில் உறுப்பினர்களின் கண்ணில் அடிக்கக்கூடாது என்பதால், சூரியன் நகர நகர அதோடு சேர்ந்து சுற்றும் ஒரு பெரிய மறைப்பு உண்டு. அரங்கில் சூடேறிய காற்று மேலெழும்பி இதே கூம்பின் வழியே வெளியேறும். போகும் காற்றிலிருந்து வெப்பத்தைப் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்துவார்கள். வீட்டில் முற்றம் வைத்துக் கட்டிய நம்மவர்களுக்கு இந்த சூட்சுமம் சட்டென்று பிடிபடும்: வெளிச்சம் இறங்க, சூடு ஏற, ஒரே வழி.

இரவில் நேர்மாறு. கீழே அரங்கில் விளக்கெரிந்தால் குவிமாடம் மேலே ஒளிரும். ஊரே பார்க்கலாம்.

அப்புறம், ஏறுவதற்கு ஒன்று இறங்குவதற்கு ஒன்றாக இரண்டு சுருள் பாதைகள், ஒவ்வொன்றும் சுமார் 230 மீட்டர். சரிவு மிகவும் குறைவு, முழங்கால் வலிக்காரர்களும் மெதுவாக ஏறிவிடலாம். அடியில் நின்று குனிந்தால் உறுப்பினர்களின் நீல நாற்காலிகள் தெரியும். ஆள்பவர்களின் தலைக்கு மேலே மக்கள் நடக்கவேண்டும் என்பதுதான் கருத்து. வெறும் பேச்சாக இல்லாமல், கட்டடமாகவே அதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள்.

மின்சாரம், சூடு எல்லாம் எப்படி?

தாவர எண்ணெயில் ஓடும் இயந்திரங்கள் மின்சாரமும் வெப்பமும் சேர்த்துத் தரும்படி அமைத்தார்கள். கோடையில் மிஞ்சும் வெப்பத்தைச் சுமார் 300 மீட்டர் ஆழத்திலுள்ள நிலத்தடி நீரில் சேமித்து, குளிர்காலத்தில் எடுத்துக்கொள்வார்கள். குளிர்ச்சிக்கு இதே மாதிரி சுமார் 60 மீட்டர் ஆழத்தில் இன்னொரு நீர்ப்படுகை. முன்பு இந்தக் கட்டடத்தைச் சூடாக்கவே வருடத்துக்கு 7,000 டன் கரியமில வாயு வெளியானது, புது ஏற்பாட்டில் 94 சதவீதம் குறைகிறது என்பது ஃபாஸ்டர் நிறுவனத்தின் கணக்கு.

உள்ளே சுவரில் கிறுக்கலாக இருக்கிறதே, ஏன் அழிக்கவில்லை?

அதுதான் நான் சொன்ன புதையல். என் சித்தி வந்திருந்தபோது வழிகாட்டியோடு உள்ளே போனோம். ஒரு நடைபாதையில் நின்று, "என்னடா இது, இவ்வளவு செலவு பண்ணிக் கட்டினவங்க இந்தச் சுவரைப் பூசாம விட்டுட்டாங்களே" என்றார். கிட்டே போய்ப் பார்த்தோம். கண் மட்டத்தில் ரஷ்ய எழுத்துகள். கரித்துண்டில் கறுப்பாகச் சில, நீலச் சுண்ணக்கட்டியில் சில. எழுதியவர் ஒரு நெடுங்கோட்டை இழுக்கும்போது கல்லின் சொரசொரப்பில் கரி தட்டி, கோடு விட்டுவிட்டு ஓடியிருக்கிறது. பக்கத்திலேயே ஒரு துப்பாக்கிக் குண்டின் பள்ளம்.

1945 மே மாதம் கட்டடத்தைப் பிடித்த சோவியத் வீரர்கள் எழுதியவை இவை. பெரும்பாலும் பெயர், தேதி, எந்த ஊரிலிருந்து வந்தோம் என்பது. 'மாஸ்கோ – பெர்லின்' என்று வந்த வழியை எழுதியவர்கள் உண்டு. வழிகாட்டி படித்துச் சொன்னதும் சித்தி, "நம்ம ஊர்க் கோட்டையில, மலைக்கோயில்ல எல்லாம் எழுதி வைக்கிற மாதிரிதான். ஆனா இந்தப் பிள்ளைங்க உயிரோட வந்து சேர்ந்தோம்னு எழுதியிருக்காங்க" என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

1990களில் பவும்கார்ட்டன் அடித்த பலகைகளைக் கழற்றியபோது இந்த எழுத்துகள் வெளியே வந்தன. வெள்ளையடித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஃபாஸ்டர் வைத்திருக்கவேண்டும் என்றார், அன்றைய அவைத்தலைவர் ரீட்டா ஸூஸ்முத் ஆதரித்தார். கெட்ட வார்த்தைகளை மட்டும் ரஷ்யத் தூதரகத்தோடு பேசி நீக்கினார்கள். பிற்பாடும் சில உறுப்பினர்கள் அழிக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தார்கள், நடக்கவில்லை. தன்னைத் தோற்கடித்த படையின் கையெழுத்தைத் தன் நாடாளுமன்றச் சுவரிலேயே வைத்துக் காப்பாற்றுவது லேசான காரியமா? பழைய கல் எங்கே முடிகிறது, புதுப் பூச்சு எங்கே ஆரம்பிக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. விரல் வைத்துக் காட்டலாம். என்னைக் கேட்டால், குவிமாடத்தைவிட இந்த விளிம்புகளுக்காகத்தான் இங்கே வரவேண்டும்.

உள்ளே வேறு என்ன பார்க்கலாம்?

அரங்கில் தொங்கும் பெரிய கழுகை ஜெர்மானியர்கள் செல்லமாகக் கொழுத்த கோழி என்பார்கள். பான் நகர அவையில் லூட்விக் கீஸ் செய்த கழுகின் சாயலில் வந்தது.

வடக்கு முற்றத்தை மட்டும் தவறவிடாதீர்கள். ஹான்ஸ் ஹாக்கே என்ற கலைஞர் 2000இல் அங்கே ஒரு மண் தொட்டி அமைத்தார். நாட்டின் பல தொகுதிகளிலிருந்தும் உறுப்பினர்கள் கொண்டுவந்து கொட்டிய மண். எந்த விதை முளைத்தாலும் பிடுங்குவதில்லை. நடுவில் ஒளிரும் எழுத்துகள் 'டேர் பெஃபெல்கெருங்'. முகப்பில் இருப்பது 'ஜெர்மன் மக்களுக்கு'. இங்கே இருப்பது 'இங்கு வாழும் அனைவருக்கும்' என்ற பொருளில். இதை அனுமதிக்கலாமா என்று நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 260, எதிர்ப்பு 258. இரண்டே வாக்கு. 1980களில் அகதிகளாக இங்கே வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு சொல் வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று நான் விளக்கத் தேவையில்லை.

எப்படிப் போவது, கட்டணம் எவ்வளவு?

கட்டணம் இல்லை. ஆனால் நாடாளுமன்ற இணையதளத்தில் முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். கோடை விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும், டிக்கெட் போட்ட கையோடு இதையும் பதிந்துவிடுங்கள். பாஸ்போர்ட் அவசியம், விமான நிலையம் மாதிரி சோதனை உண்டு. குவிமாடம் வழக்கமாகக் காலை 8 மணி முதல் நள்ளிரவு வரை. நான் சொல்வது அந்தி நேரம்: ஏறும்போது ஊர் பகலில் இருக்கும், இறங்கும்போது விளக்கேற்றியிருக்கும். ரஷ்ய எழுத்துகளைப் பார்க்க வேண்டுமானால் குவிமாடம் மட்டும் போதாது, வழிகாட்டியோடு போகும் சுற்றுக்குத் தனியாகப் பதியுங்கள்.

குவிமாடத்தின் உச்சி திறந்திருக்கும். குளிர்காலத்தில் கம்பளிச் சட்டை இல்லாமல் வராதீர்கள்.

பதிவு கிடைக்கவில்லை என்றால் வந்தும் பிரயோசனம் இல்லையா?

அப்படி இல்லை. வெளியே சுற்றி நடந்தாலே குண்டு பட்ட இடங்களில் பதித்த வெளிறிய ஒட்டுக்கற்கள் தெரியும், பின்புறம் எல்லைக்கோடு தெரியும். முகப்புக்கு வலது பக்கம், நடைபாதை ஓரமாக, கறுத்த தகடுகள் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக நிற்கும். மொத்தம் 96. நாஜிகள் கொன்ற பழைய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு 1992இல் வைத்த நினைவுச்சின்னம். தூரத்தில் பார்த்தால் உடைந்த வேலி மாதிரி இருக்கும், பலர் சைக்கிளைக் கூடச் சாய்த்துவிட்டுப் போவார்கள். பக்கத்தில் போய்க் குனியுங்கள். ஒவ்வொரு தகட்டின் மேல்விளிம்பிலும் ஒரு பெயர், அவர் இறந்த தேதி, இறந்த இடம்.